உமிழ்நீரிடம் எதைக் கேட்பது?

நல்லெண்ணெயை வாயில் ஊற்றிக் கொப்பளித்தால் பல்லுக்கு நல்லது என்பது தமிழ்நாட்டு வீடுகளில் பழைய நம்பிக்கை. அது மெய்தானா என்று அளந்து பார்க்க, சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஷரத் அசோகனும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனை செய்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். பதின்பருவப் பையன்கள் 20 பேர். அவர்களில் 10 பேர் தினமும் காலையில் பல் துலக்குமுன் 10 நிமிடம் நல்லெண்ணெய் கொப்பளித்தார்கள். மற்ற 10 பேர் பல் டாக்டர்கள் வழக்கமாக எழுதிக்கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் மருந்துநீரைக் கொப்பளித்தார்கள். இரண்டு வாரம் வரை, ஒவ்வொருவருடைய பல்லின் மேல் படியும் படலத்திலிருந்தும் உமிழ்நீரிலிருந்தும் மாதிரி எடுத்து, சொத்தைக்குப் பேர்போன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா எவ்வளவு இருக்கிறது என்று ஒரு சோதனைப் பட்டையால் பார்த்தார்கள். பல் படலத்தில், எண்ணெய் கொப்பளித்தவர்களிடமும் ஒரு வாரத்தில் பாக்டீரியா தெளிவாகக் குறைந்திருந்தது. உமிழ்நீரிலோ, மருந்துநீர்க் குழுவில்தான் புள்ளியியல் கணக்குக்கு நிற்கும் குறைவு தெரிந்தது; எண்ணெய்க் குழுவில் தெரிந்த குறைவு தற்செயலாகவும் இருந்திருக்கலாம் என்ற அளவில் நின்றுவிட்டது.

எண்ணெய் வென்றதா மருந்து வென்றதா என்பதை விட்டுவிடலாம். குழுவுக்குப் பத்துப் பேர் என்ற கணக்கு அதைத் தீர்க்கப் போதாது. இந்த ஆய்வு வேறொன்றைக் காட்டுகிறது. ஒரே வாய், ஒரே பாக்டீரியா, ஒரே சோதனைப் பட்டை. மாதிரியைப் பல்லில் எடுத்தால் ஒரு பதில், உமிழ்நீரில் எடுத்தால் இன்னொரு பதில். தவிர, இரண்டு பதில்களில் எதுவும் ஒரு சொத்தைப் பல்லைக்கூட எண்ணிச் சொல்லவில்லை. எண்ணவும் முடியாது, சொத்தை விழ மாதங்கள் ஆகும், சோதனை இரண்டு வாரம். பாக்டீரியா குறைந்தால் சொத்தையும் குறையும் என்ற ஊகம்தான் இடையில் பாலம். உமிழ்நீரில் தீய பாக்டீரியாவைத் தேடும் எந்தச் சோதனையும் இந்தப் பாலத்தின் மேல்தான் நடந்தாக வேண்டும். அது எவ்வளவு எடை தாங்கும்?

பட்டை வேலை செய்யும் விதம் எளிது. முதலில் மெழுகுத்துண்டு ஒன்றை மெல்லச் சொல்வார்கள். பற்களில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா கொஞ்சம் உதிர்ந்து உமிழ்நீரில் கலக்கும். பிறகு பிளாஸ்டிக் பட்டையை நாக்கின் மேல் புரட்டி எடுத்து, சர்க்கரை மிகுந்த வளர்ப்புக் கரைசலில் போடுவார்கள். அந்தக் கரைசலில் பசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக் இருக்கும். வாயிலுள்ள மற்ற பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றை அது தடுத்துவிடும், மியூட்டன்ஸ் மட்டும் தாக்குப்பிடித்து வளரும். உடல் வெப்பத்தில் இரண்டு நாள் வைத்தால் பட்டையில் நீலப் புள்ளிகள் முளைக்கும். கையேட்டிலுள்ள படத்தோடு ஒப்பிட்டு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். மூன்று என்றால் ஒரு மில்லிலிட்டர் உமிழ்நீரில் 10 லட்சத்துக்கு மேல். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் ஒரு மில்லிலிட்டர் உமிழ்நீரில் எல்லா வகையும் சேர்ந்து சுமார் 10 கோடி பாக்டீரியாக்கள் இருப்பது சாதாரணம். அதோடு ஒப்பிட்டால் 10 லட்சம் என்பது நூற்றில் ஒன்று.

இந்தப் பாக்டீரியாவை 1924இல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்தார். அதற்கு முன்பே, 1890இல், பெர்லினில் இருந்த அமெரிக்கப் பல் மருத்துவர் மில்லர், சொத்தைக்குக் காரணம் தனி ஒரு கிருமி அல்ல, சர்க்கரையையும் மாவுச்சத்தையும் அமிலமாக்கும் பல பாக்டீரியாக்கள் என்று எழுதியிருந்தார். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி ஒரு குற்றவாளியைத் தேடியது. கடைசியில் ஆராய்ச்சி மில்லர் பக்கமே திரும்பி வந்தது. 2008இல் அமெரிக்காவில் மரபணு முறையில் தேடியபோது, நிலைத்த பற்களில் கடுமையான சொத்தை உள்ளவர்களிலேயே பத்தில் ஒருவரிடம் மியூட்டன்ஸ் கண்டறியும் அளவுக்கு இல்லை. மறுபுறம், அது நிறைய இருந்தும் பல் கெடாமல் வாழ்கிறவர்கள் உண்டு. வாயில் எழுநூறு வகைக்கு மேல் பாக்டீரியாக்கள் வாழக்கூடும், அவற்றில் பெரும்பாலானவை குடிவந்தவை அல்ல, குடியிருப்பவை. 1994இல் பிரிட்டனின் ஃபிலிப் மார்ஷ் இதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார்: வாயின் சூழல் மாறினால் எந்தப் பாக்டீரியா மேலோங்கும் என்பது மாறும்; நோய் அந்த மாற்றத்திலிருந்து வருகிறது.

கொரோனா காலத்தில் உமிழ்நீரை வைத்தே நோயைக் கண்டுபிடித்தோமே, பாக்டீரியாவை மட்டும் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்கலாம். கண்டுபிடிக்க முடியும், அதில் சந்தேகமில்லை. கண்டுபிடித்தபின் அதற்கு என்ன பொருள் என்பதில்தான் சிக்கல். கொரோனா வைரஸ் ஆரோக்கியமான வாயில் இருக்கக்கூடாத ஒன்று. அது இருக்கிறது என்று தெரிந்த கணத்தில் தனிமைப்படுத்துவது, மருந்து கொடுப்பது என்று அடுத்த வேலை தெளிவாகிவிடும். மியூட்டன்ஸ் இருக்கிறது என்று தெரிந்த கணத்தில் எதுவும் தெளிவாவதில்லை. ஃப்ளோரைடு பற்பசையால் இரண்டு வேளை துலக்குங்கள், இனிப்பை அடிக்கடி சாப்பிடாதீர்கள் என்ற அதே அறிவுரைதான் மதிப்பெண் 0 வாங்கியவருக்கும் 3 வாங்கியவருக்கும். ஒரு சோதனையின் பதில் எதுவாக இருந்தாலும் மருத்துவர் செய்யப்போவது ஒன்றே என்றால், அந்தச் சோதனைக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

பாக்டீரியாவை விட்டுவிட்டு உமிழ்நீரையே கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கிறது. நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை நமக்கு உமிழ்நீர் ஊறுகிறது. அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை அடக்குகிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் எனாமல் இழந்ததைத் திருப்பித் தருகின்றன. 1940களில் அமெரிக்காவின் ராபர்ட் ஸ்டீஃபன் பல் படலத்தில் அமிலத்தன்மையை அளந்து வரைந்த வளைகோடு இன்றும் பல் மருத்துவ மாணவர்களின் முதல் பாடங்களில் ஒன்று. சர்க்கரைக் கரைசல் பட்ட சில நிமிடங்களில் அமிலத்தன்மை ஏறி, பிஎச் அளவு எனாமல் கரையத் தொடங்கும் 5.5 என்ற எல்லைக்குக் கீழே போகிறது. உமிழ்நீர் அதை மீட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி வரை ஆகிறது. மயிலாப்பூரில் ஒரு பெரியவர் விடியற்காலை ஒன்று, டிபனுக்குப் பின் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மதியத் தூக்கம் கலைந்ததும் ஒன்று, சாயங்காலம் கோயிலுக்குப் போய்வந்து ஒன்று என்று சர்க்கரை போட்ட ஃபில்டர் காபி ஐந்து குடித்தால், உமிழ்நீர் அன்றைக்கு ஐந்து முறை மீட்புப் பணி செய்ய வேண்டும். அதே சர்க்கரையை ஒரே வேளையில் பாயசமாகச் சாப்பிட்டிருந்தால் ஒரு முறைதான். எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்பதுதான் பல்லைக் கெடுக்கிறது என்று, சுவீடனில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான விபெஹோல்ம் விடுதியில் நோயாளிகளுக்கு வேளைகளுக்கு நடுவே ஒட்டும் மிட்டாய் கொடுத்துக் கண்டறிந்து 1954இல் வெளியிட்டார்கள். நோயாளிகளின் சம்மதம் இல்லாமல் பற்களைப் பாழாக்கிய அந்த ஆய்வை இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. அதன் முடிவை மட்டும் உலகம் எடுத்துக்கொண்டது.

உமிழ்நீர் குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் புற்றுநோய்ச் சிகிச்சை காட்டுகிறது. வாய், தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது கன்னத்தருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அதில் அகப்படக்கூடும். சிகிச்சை முடிந்து புற்று அடங்கியிருக்கும். ஆனால் வாய் வறண்டு, அதுவரை சொத்தையே காணாதவருக்கும் சில மாதங்களில் ஈறோரமாகப் பல் வரிசையாகக் கெடலாம். இப்படிப்பட்டவர்களின் வாயில் மியூட்டன்ஸும் லாக்டோபாசிலஸும் பெருகுவதை 1970களிலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். இந்த நிகழ்ச்சியின் வரிசையைக் கவனிக்க வேண்டும். புதிதாக எந்தக் கிருமியும் வாய்க்குள் வரவில்லை. உமிழ்நீர் குறைந்தது, அதன் பின்னால் பாக்டீரியா பெருகியது. பாக்டீரியாவை எண்ணுகிறவர் விளைவை எண்ணுகிறார். காரணத்தை அளக்க ஆய்வகமே வேண்டாம்: அளவுக்கோடு போட்ட ஒரு கோப்பை, கடிகாரம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஊறும் உமிழ்நீரை ஐந்து நிமிடம் கோப்பையில் விடச் சொல்லி, நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டருக்குக் கீழே இருந்தால் வாய் வறட்சி உறுதி. அந்தப் பதில் சிகிச்சையை மாற்றுகிறது: செறிவு கூடிய ஃப்ளோரைடு தினமும், செக்கப் ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதத்தில், வாயை வறளவைக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று மருந்துச்சீட்டைப் புரட்டிப் பார்ப்பது. அலர்ஜி மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும் வாயை வறளவைக்கும். பல மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிடும் முதியவர்களிடம் இது சகஜம்.

சொத்தைக்கு இப்படி என்றால் ஈறு நோய்க்குச் சோதனை இன்னும் தடுமாறுகிறது. 1998இல் பாஸ்டனில் சோக்ரான்ஸ்கி குழுவினர் ஈறு நோயோடு ஒட்டிவரும் மூன்று பாக்டீரியாக்களுக்குச் சிவப்புக் குழு என்று பெயரிட்டார்கள்: போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டானரெல்லா ஃபோர்சிதியா, ட்ரெபோனிமா டென்டிகோலா. வாய் கொப்பளித்த நீரிலிருந்தே இவற்றின் மரபணுவைத் தேடித்தரும் சோதனைகள் வெளிநாடுகளில் விற்பனைக்கு இருக்கின்றன. இவற்றைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நடத்திய தேசிய வாய்நலக் கணக்கெடுப்பின்படி 35 முதல் 44 வயதுக்குள் இருப்பவர்களில் 89.6 சதவீதம் பேருக்கு ஈறு நோயின் ஏதோ ஒரு நிலை இருந்தது. ஈறில் ரத்தம் கசிவதும் காரை படிவதும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். ஆகவே எல்லாருக்கும் பல் ஆடுகிறது என்று பொருளல்ல. கணக்குக்காக, பத்தில் எட்டு முறை சரியாகச் சொல்லும் ஒரு சோதனையை வைத்துக்கொள்வோம். தி.நகரில் அந்த வயதுக்காரர்கள் 100 பேருக்குச் செய்கிறோம். 90 பேருக்கு நோய். சோதனை அவர்களில் 72 பேரைப் பிடிக்கும், 18 பேரை விட்டுவிடும். நோயில்லாத 10 பேரில் எட்டுப் பேருக்குச் சரியாக ‘இல்லை’ என்று சொல்லும். ஆக ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்ற தாளோடு வீட்டுக்குப் போகிறவர்கள் 26 பேர். அவர்களில் 18 பேருக்கு நோய் இருக்கிறது.

கடுமையான ஈறு நோயை மட்டும் தேடினால் ஆகாதா? உலக அளவில் அது சுமார் 11 சதவீதம் பேருக்கு உண்டு என்பது 2014இல் வந்த மதிப்பீடு. நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதே சோதனை எட்டுப் பேரைச் சரியாகப் பிடிக்கும். நோயில்லாத 90 பேரில் 18 பேரைத் தவறாகப் பிடிக்கும். மறுபடியும் அதே 26, அதே 18, இந்த முறை பயமுறுத்தும் பக்கத்தில். இத்தனைக்கும் ஈறு நோயைப் பார்க்கப் பல் டாக்டரின் மேசையில் ஒரு கருவி ஏற்கெனவே கிடக்கிறது. நுனியில் அரை மில்லிமீட்டர் உருண்டையும் அளவுப்பட்டையும் கொண்ட ஆய்வுக்கம்பி. அதை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மெல்ல விட்டால் பள்ளம் எத்தனை ஆழம், ரத்தம் வருகிறதா என்று அப்போதே தெரியும். எந்தப் பல்லில் என்பதும் தெரியும். வாய் முழுவதையும் கழுவி வரும் உமிழ்நீர் அதை ஒருபோதும் சொல்லாது. நம் கிளினிக்குகளில் இந்தக் கம்பியைப் பொறுமையாக எல்லாப் பற்களையும் சுற்றிப் பயன்படுத்த நேரம் ஒதுக்குவதில்லை என்பதுதான் என் குறை. கையிலிருப்பதைச் செய்யாமல் புதிய சோதனைக்குப் போவதில் பொருளில்லை.

சரியான ஆன்டிபயாடிக்கைத் தேர்ந்தெடுக்கவாவது பாக்டீரியாச் சோதனை உதவும் என்பார்கள். ஈறு நோய்க்கு அடிப்படைச் சிகிச்சை காரையையும் படலத்தையும் சுரண்டி எடுப்பது. பெரும்பாலோருக்கு அதன்பின் ஆன்டிபயாடிக் தேவைப்படுவதில்லை. ‘தீய பாக்டீரியா’ என்று அச்சடித்த தாள் கையில் வந்தவுடன் நோயாளி மாத்திரையை எதிர்பார்க்கிறார், மருத்துவருக்கும் எழுதாமல் அனுப்பத் தயக்கம். ஆன்டிபயாடிக்குகளைக் கண்டபடி கொடுப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2012 ஆகஸ்டில் மருத்துவ சங்கங்கள் கூடி உருவாக்கிய அறிக்கைக்குச் சென்னைப் பிரகடனம் என்றே பெயர். அந்தப் பெயரைச் சுமக்கும் ஊரில் தேவையற்ற ஆன்டிபயாடிக்குக்கு இன்னொரு வாசல் திறப்பதை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

ஈறு நோயின் தீவிரத்தைத் தரம்பிரிக்க அமெரிக்க, ஐரோப்பிய ஈறுநோய் சங்கங்கள் 2018இல் வெளியிட்ட வகைப்பாட்டில் பாக்டீரியா எண்ணிக்கைக்கு இடமே இல்லை. நோய் எவ்வளவு வேகமாக முற்றும் என்று மதிப்பிடும்போது ஆபத்துக் காரணிகளாக அது கேட்பவை இரண்டு: புகைபிடிக்கிறாரா, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 7 சதவீதத்தை எட்டியிருக்கிறதா. இரண்டாவது கேள்வி சென்னைக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. இந்த நகரத்தில் பெரியவர்களிடம் நீரிழிவு 1989இல் 8.3 சதவீதம், 2004இல் 14.3 சதவீதம் என்று ஏறியதைக் கோபாலபுரத்து நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் ஆவணப்படுத்தினார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கெடுகிறது; ஈறைச் சரிசெய்தால் மூன்று நான்கு மாதத்தில் மூன்று மாதச் சர்க்கரை அளவு சராசரியாக 0.43 புள்ளி இறங்குகிறது என்று 2022இன் காக்ரேன் தொகுப்பாய்வு காட்டுகிறது. ஈறு வீங்கி வந்தவருக்குச் சிவப்புக் குழுவைத் தேடச் செலவழிக்கும் பணத்தில், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சுகர் பார்த்தால், இதுவரை தெரியாத நீரிழிவே வெளிப்படலாம். அந்தப் பதிலால் நோயாளியின் மருத்துவமே மாறும்.

நீலப் புள்ளிகளைக் கண்ணால் பார்த்தால் நோயாளி ஒழுங்காகப் பல் துலக்குவார் என்ற வாதத்தை நான் முழுக்கத் தள்ளவில்லை. பார்த்ததை மனிதர்கள் மறப்பதில்லை. ஆனால் அந்த வேலைக்குப் படலத்தைச் சிவப்பாகக் காட்டும் சாயமாத்திரை போதும். சில ரூபாய்தான், எங்கே துலக்கவில்லை என்று அந்த இடத்தையே காட்டும், இரண்டு நாள் காத்திருக்கவும் வேண்டாம்.

இதையெல்லாம் தாண்டி நிற்கும் ஒரே வலுவான எதிர்வாதம் சின்னக் குழந்தைகளைப் பற்றியது. எதிர்காலச் சொத்தையை முன்கூட்டிச் சொல்வதில் இதுவரை விழுந்த சொத்தையை விஞ்சும் குறி வேறில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்தக் கடந்தகாலம் கிடையாது. அங்கே மியூட்டன்ஸ் சோதனை கொஞ்சம் தகவல் தருகிறது. அது இருக்கும் குழந்தைகளுக்குப் பின்னால் சொத்தை விழும் வாய்ப்பு கூடுதல்தான். தாயின் உமிழ்நீரிலிருந்து குழந்தைக்கு இது பரவுகிறது என்பதால் ஒரே கரண்டியில் ஊட்டாதீர்கள் என்ற அறிவுரையும் பிறந்தது. அண்ணாந்து தண்ணீர் குடிக்கும் ஊருக்கு அது உடனே பிடித்துப்போகும். ஆனால் இந்தியாவில் ஐந்து வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதம் பேருக்குச் சொத்தை இருந்ததாக அதே தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. பாத்திரத்தைப் பகிராமல் இருந்தால் சொத்தை குறையும் என்பதற்குத் திடமான சான்று இல்லை என்று ஜப்பானின் வாய்நல ஆய்வாளர் சங்கமும் 2023இல் அறிவித்தது. பாதிக் குழந்தைகளுக்கு வரும் நோயில், யாருக்கு வரும் என்று பிரித்துப் பார்ப்பதைவிட எல்லாருக்கும் ஃப்ளோரைடு பற்பசை கிடைக்கச் செய்வது சிக்கனம்.

ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவைத் தேடுவது பலன் தரும் என்று நிரூபித்த ஆய்வும் இருக்கிறது. அது எப்படி நடந்தது என்பது கவனிக்கத் தக்கது. மொராக்கோவில் பள்ளி மாணவர்களிடம் மாதிரி எடுத்து, இரண்டு ஆண்டு பொறுத்திருந்து, அக்ரிகேட்டிபாக்டர் என்ற பாக்டீரியாவின் ஜேபி2 என்ற கிளைவகை இருந்தவர்களுக்கு இளவயது ஈறு நோய் வரும் வாய்ப்பு 18 மடங்கு என்று 2008இல் லான்செட்டில் வெளியிட்டார்கள். வட, மேற்கு ஆப்பிரிக்க வழியினரிடம் முக்கியமாகக் காணப்படும் வகை அது. நமக்கு நேராகப் பொருந்தாது. ஆனால் முறை பொருந்தும். அரசுப் பள்ளி மாணவர்களின் பற்களைப் பார்க்க 2023இல் தொடங்கிய ‘புன்னகை’ திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. மயிலாப்பூர், சைதாப்பேட்டை, அடையாறு பள்ளிகளில் சில ஆயிரம் பிள்ளைகளின் உமிழ்நீரை எடுத்து அதன் பாக்டீரியா எண்ணிக்கை, சுரக்கும் வேகம், அமிலத்தை அடக்கும் திறன் மூன்றையும் தனித்தனியே குறித்துவைக்கலாம். ஏற்கெனவே எத்தனை பல் சொத்தை, ஒரு நாளைக்கு எத்தனை முறை இனிப்பு என்பதையும் எழுதிக்கொள்ளலாம். இரண்டு ஆண்டு கழித்து, முதல் முடிவுகளை அறியாத வேறொரு பல் மருத்துவரை அனுப்பிப் புதிய சொத்தைகளை எண்ணச் சொல்ல வேண்டும். சொத்தைக் கணக்கும் இனிப்புக் கணக்கும் சொன்னதற்கு மேல் பாக்டீரியா எண்ணிக்கை கூடுதலாக ஏதாவது சொன்னதா என்று அப்போது பார்க்கலாம். சொன்னால், அந்தப் பட்டைக்கு விலை போடலாம்.